லூசியென் வீட்டு அலமாரிச் சாவி

“கட்டை வழுக்கும். நான் முதல்ல போறேன். நீ அப்புறம் வா.”

லூசியென் ஓடையின் குறுக்கே விழுந்து கிடந்த மரத்தில் காலை வைத்தாள். இரவு விழுந்த பனி அதன் மேல் கண்ணாடிபோல இறுகியிருந்தது. அடியில் கறுப்புத் தண்ணீர் அதிகம் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

“தோட்டாவ எடுத்துட்டியா?”

“எடுக்கறேன்மா.”

பின்னால் துப்பாக்கியின் போல்ட், தோட்டாவை எடுக்கவும் போடவும் இழுத்துத் தள்ளுகிற தாழ், இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு தள்ளும் சத்தம். லூசியென் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த காலை எங்கே வைப்பது என்பதுதான் அவளுக்குக் கவலை. அக்கரை போய்ச் சேர்ந்ததும் ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு மற்ற கையை மகளிடம் நீட்டினாள். ஒடெத் பாதி மரத்தில் வந்துகொண்டிருந்தாள். ஆரஞ்சுத் தொப்பி, ஆரஞ்சுச் சட்டை, தோளில் துப்பாக்கி. கடைசி அடியில் கால் சறுக்கியது. ஒரு முழங்கால் தண்ணீருக்குள் போய் வந்தது. லூசியென் அவள் கையைப் பற்றி இழுத்தாள். அந்த இழுப்பில் துப்பாக்கியின் வாய் லூசியெனின் மார்பை ஒருமுறை உரசினாற்போலக் கடந்து போனது.

“வாயத் தூக்கு.”

ஒடெத் சட்டென்று தூக்கினாள். அவள் முகம் வெளுத்திருந்தது. குளிரில் என்று லூசியென் நினைத்தாள்.

கரையேறியதும் மறுபடியும் போல்ட் சத்தம், இழுத்ததும் தள்ளியதும். சொல்லாமலே தோட்டாவைப் போட்டுக்கொண்டாளே என்று லூசியெனுக்கு மனம் நிறைந்தது. மேலே ஏறுகிற பனியில் மானின் குளம்புத் தடம் ஓரம் உடையாமல் புதிதாக இருந்தது.

அக்டோபர் கடைசியில் வரும் அந்தச் சனிக்கிழமை மான் வேட்டை பிள்ளைகளுக்கு மட்டும் உரியது. கூடப் போகிற பெரியவர்கள் கையில் துப்பாக்கி இருக்கக் கூடாது. லூசியெனின் சட்டைப்பையில் இருந்ததெல்லாம் கத்தி, கயிறு, மீதித் தோட்டாக்கள், வெண்ணெய் தடவிச் சுருட்டிய இரண்டு ப்ளோய் ரொட்டிகள். முதல் வருஷம் துப்பாக்கியில் ஒரே தோட்டாதான். அது அவள் வீட்டுச் சட்டம்.

அந்த ஆற்றோரச் சாலையில் லூசியென் டேகிள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடா, இந்தப் பக்கம் மெய்ன் மாநிலத்தின் கடைசி உருளைக்கிழங்கு வயல்கள். இரண்டு பக்கமும் பிரெஞ்சுதான் பேச்சு, ஒரே குடும்பப் பெயர்கள்தான். ஐந்து வயதில் அவள் வண்டியில் ஏறுகிற பிள்ளை மீசை அரும்பும்வரை ஏறும். அதனால்தானோ என்னவோ, யார் தொடங்கி வைத்தது என்று யாருக்கும் நினைவில்லாத ஒரு பழக்கம் அங்கே வந்து சேர்ந்தது. வீட்டில் பிள்ளை துப்பாக்கி கேட்க ஆரம்பித்தால், தாயோ தகப்பனோ காலையில் பேருந்து நிற்கும் இடத்துக்கு வந்து, பிள்ளை ஏறிய பிறகு ஓட்டுநர் ஜன்னலருகே நிற்பார்கள்.

“லூசியென், இவ இந்த வருஷம் கேக்கறா. குடுக்கலாமா?”

“ரெண்டு வாரம் கழிச்சு வா” என்பாள்.

அந்த இரண்டு வாரம் அவள் எதைப் பார்க்கிறாள் என்று ஊரில் பலருக்குப் பல எண்ணம். குறி தவறாமல் சுடுகிற பிள்ளையா என்று அவள் கேட்டதே இல்லை. தகர டப்பாவை யார் வேண்டுமானாலும் சுடலாம் என்பாள். அடுத்தவன் தொப்பியை ஜன்னல் வழியே எறிகிறவனைப் பார்ப்பாள். எறியச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனை இன்னும் நன்றாகப் பார்ப்பாள். பனியில் வண்டி சறுக்கிப் பள்ளத்தோரம் நின்ற ஒரு நாள், பெரிய பிள்ளைகளெல்லாம் கத்திக்கொண்டிருந்தபோது, மூன்றாம் இருக்கையில் இருந்த ஒரு குள்ளப் பெண் எழுந்து சின்னதுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, “உனக்கு ஒண்ணும் ஆகலியே?” என்று கேட்டுக்கொண்டு போனாள். அவள் தகப்பன் கேட்க வருவதற்கு முன்பே லூசியென் போய்ச் சொன்னாள், “அவளுக்குக் குடு.”

பெல்த்தியே வீட்டுப் பையனுக்கு வேண்டாம் என்றாள். அவன் தகப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“உனக்கு பஸ் ஓட்டறதுக்குத்தானே சம்பளம்?”

“ஆமா, அதுக்குத்தான். நீதான் ஜன்னல்கிட்ட வந்து கேட்ட.”

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவன் மகனைத் தன் காரிலேயே கொண்டுபோய் விட்டான். ஆனால் துப்பாக்கி கொடுக்கவில்லை. லூசியென் அதைக் கவனித்தாள்.

இவ்வளவு கண்டிப்பு அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவள் அண்ணன் ரோமியோ சூப் பானைக் கதையைச் சொல்வான். அவர்கள் வீட்டில் பிள்ளைகள் அதிகம், கறி குறைவு. துப்பாக்கியைத் தூக்கும் பலம் வந்தவுடன் கையில் கொடுத்துவிடுவார்கள். தயாரா என்று யாரும் கேட்டதில்லை. ரோமியோ பத்து வயதில் அடுப்படியில் உட்கார்ந்து துப்பாக்கி துடைத்தபோது அது வெடித்தது. குண்டு அடுப்பிலிருந்த பட்டாணி சூப் பானையின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கத்தைப் பிளந்தது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்தப் பானையின் மரணத்தைச் சொல்லிச் சிரிப்பார்கள். லூசியென் சிரிப்பதில்லை. அக்கா ப்ளாந்தீன் முக்காலியில் ஏறி நின்று சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தவள் உப்பு எடுக்க இறங்கியிருந்தாள். ஒரு நிமிஷம் முன்புவரை அந்தப் பானைக்கு நேராகத்தான் அவள் நெஞ்சு இருந்தது. அதைப் பார்த்தவள் லூசியென் ஒருத்திதான்.

ஊர்ப் பிள்ளைகள் பத்து வயதிலும் பதினொன்றிலும் அவள் சொல்லின்பேரில் துப்பாக்கி எடுத்துக்கொண்டு போனார்கள். அவள் சொந்த மகள் பன்னிரண்டு வயது முடியும்வரை துப்பாக்கி இல்லாமலே இருந்தாள். ரோமியோ விடவில்லை. “ஊருக்கெல்லாம் சர்டிஃபிகேட் குடுக்கற, உன் பொண்ணு மட்டும் எங்க பின்னால மூட்டை தூக்கிட்டு வரா. அவ கல்யாணத்துக்குச் சீதனமா குடுக்கப்போறியா?” என்பான். ஒடெத் அவள் பேருந்தில் முதல் இருக்கையில், ஓட்டுநர் கண்ணாடிக்கு நேர் கீழே உட்கார்ந்து வந்தாள். ஓட்டுநரின் மகள் ஒழுங்காகத்தான் இருப்பாள். அந்த ஒழுங்கைக்கொண்டு எதையும் அளக்க முடியவில்லை என்பதுதான் அவள் சங்கடம்.

இந்த செப்டம்பரில் அவள் துப்பாக்கி அலமாரிக்கு இரண்டாவது சாவி வெட்டினாள். எந்தக் காரணத்தையும் சுட்டிக் காட்ட அவளால் முடியாது. பதின்மூன்று ஆகிவிட்டது, இனியும் தள்ளினால் அது பெண்ணைப் பற்றிய சந்தேகமாக இருக்காது, தன்னைப் பற்றியதாகத்தான் இருக்கும் என்று பட்டது. ஒடெத் சாவியை, கோவிலில் புது நன்மை என்னும் முதல் நற்கருணை வாங்கியபோது கிடைத்த மாதா பதக்கத்தோடு ஒரே கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். வீட்டுச் சட்டங்களைத் தானாகவே ஒருமுறை ஒப்பித்தாள். தண்ணீர், வேலி, கல்சுவர் எதைத் தாண்டினாலும் முன்னால் தோட்டாவை எடுக்க வேண்டும். தவறினால் சாவியை அடுத்த வருஷம் அதே நாள்வரை திருப்பிக் கொடுக்க வேண்டும். வாதாடக் கூடாது.

தடம் அவர்களைப் பழைய ஆப்பிள் தோட்டத்தின் ஓரத்துக்குக் கொண்டுபோனது. கொம்பு மான். உதிர்ந்த ஆப்பிளை மேய்ந்துகொண்டிருந்தது. அதன் பின்புறம் வெட்டவெளி, தூரத்தில் ஒரு களஞ்சியத்தின் கூரை. ஒடெத் துப்பாக்கியைத் தோளில் வைத்தாள், ஆனால் சுடவில்லை. மண்டியிட்டு, நனைந்த முழங்கால் பனியில் பதிய, மெல்ல இடதுபுறமாக நகர்ந்தாள். மானுக்குப் பின்னால், தவறிய குண்டைத் தாங்க ஒரு மேடு வந்ததும் நின்றாள். மான் தலையைத் தூக்கியது. லூசியென் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ‘இப்ப’ என்று சொல்லவந்த வாயை மூடிக்கொண்டாள். இது அவள் நாள். வெடிச்சத்தம் மேட்டில் மோதித் திரும்பி வந்தது. மான் நாலு எட்டு ஓடி ஆப்பிள் மரத்தடியில் சாய்ந்தது.

வயிற்றைக் கிழித்துக் குடலை எடுத்ததும் ஒடெத்தான். முழங்கைவரை ஆவி பறந்தது. வாயே திறக்கவில்லை. களைப்பு என்று லூசியென் நினைத்துக்கொண்டாள். அன்று காலை முதல் அவள் மகளைப் பற்றி நினைத்ததெல்லாம் பாதிதான் சரி.

மானைப் பதிவு செய்ய அஷில் கடைக்குத்தான் போகவேண்டும். வாசலில் பெட்ரோல் பம்ப், பக்கத்தில் மான் எடைபோடும் கொக்கி, உள்ளே காப்பி. சுவரில் அந்தச் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் முதல் மானோடு நிற்கும் படங்கள். அதில் பாதிப் பேர் இப்போது வழுக்கைத்தலையோடு அதே கடையில் காப்பி குடிக்கிறார்கள். லூசியெனின் பிக்கப் வண்டி வந்து நின்றதும் எல்லாரும் கோப்பையோடு வெளியே வந்துவிட்டார்கள். ரோமியோதான் முன்னால்.

“அடேயப்பா! இத அடிச்சது என் மருமகளா, இல்ல மான் தானா தடுக்கி விழுந்துச்சா?”

“கொக்கில மாட்டுங்க மாமா,” என்றாள் ஒடெத்.

அஷில் முள்ளைப் பார்த்தார். அவர் எதையும் நிதானமாகத்தான் செய்வார். “போன வருஷம் நீ கொண்டுவந்தத விட கனம், ரோமியோ,” என்றார்.

“தராசு கோளாறு.”

“அன்னைக்கும் இதே தராசுதான்.”

சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது. பெல்த்தியேகூட வந்து லூசியெனிடம் கை குலுக்கினான். தாமதமாகக் கொடுத்தாலும் நல்லதாகக் கொடுத்திருக்கிறாய் என்றாள் ஒரு பெண். லூசியென் காப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள், குடிக்கத் தோன்றவில்லை. அஷில் கேமராவை எடுத்துவந்தார். மானின் பக்கத்தில் ஒடெத் நின்றாள். சுற்றிலும் அவள் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர்.

“கதையச் சொல்லு முதல்ல,” என்றான் ரோமியோ. “படம் அப்புறம். எங்க பாத்த, எப்படி அடிச்ச, எல்லாம் சொல்லு. உங்கம்மா எங்க தடுக்கி விழுந்தான்னும் சொல்லு.”

ஒடெத் சொல்ல ஆரம்பித்தாள். விடிந்த நேரம், முதல் தடம், தேவதாரு மரக்கூட்டம். ஓடைவரை வந்து நிறுத்தினாள்.

“அம்மா முன்னால போனாங்க. தோட்டாவ எடுன்னாங்க. நான் எடுக்கல.”

யாரோ காப்பியை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“போல்ட்ட பாதி இழுத்துத் திரும்பத் தள்ளினேன். சத்தம் வரணும்னு. அந்தப் பக்கம் போய் இன்னொரு தடவ அதே மாதிரி பண்ணினேன். நடுவுல கால் சறுக்குச்சு. துப்பாக்கி அம்மா நெஞ்சுக்கு நேரா போச்சு. உள்ள தோட்டா இருந்துச்சு.”

அஷில் கேமராவை இறக்கினார். ரோமியோ முதலில் வாயைத் திறந்தான். எந்த மௌனத்தையும் அவனால் தாங்க முடியாது.

“இதென்ன பெரிய விஷயம்! இங்க யாரு பண்ணாதது? ஓடைக்கு ஓடை தோட்டாவ எடுத்து எடுத்துப் போட்டா மான் கனடாவுக்கே போயிடும். விடு, படம் எடுப்போம்.”

“நீங்க பண்ணுவீங்க மாமா. எங்க வீட்ல பண்ண மாட்டாங்க.”

“அடி கழுதை!” என்றான் ரோமியோ. பக்கத்தில் ஒருவன் சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

லூசியென் காப்பிக் கோப்பையை வண்டியின் முன்மூடி மேல் வைத்தாள்.

“ஏன் எடுக்கல?”

“விரல் மரத்துப்போச்சு. தோட்டா தண்ணில விழுந்துடும்னு பயம். தடம் வேற புதுசா இருந்துச்சு.” ஒடெத் தொப்பியைக் கழற்றினாள். “நீ திரும்பிப் பாக்க மாட்ட, சத்தத்தத்தான் கேப்பன்னு தெரியும்.”

கடைசி வாக்கியம்தான் லூசியெனைத் தொட்டது. மார்பில் அந்த இடம், துப்பாக்கியின் வாய் கடந்த இடம், கோட்டுக்கு அடியில் தனியாகக் குளிர்ந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று உள்ளே எழுந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகள் அவளிடம் தவறை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எல்லாம் அவள் கண்டுபிடித்த பிறகு, அல்லது கண்டுபிடிக்கப்போகிறாள் என்று தெரிந்த பிறகு. அவளால் ஒருபோதும் கண்டுபிடித்திருக்க முடியாத ஒன்றை, மான் தொங்கிக்கொண்டிருக்கும்போது, படம் எடுக்கக் கூப்பிட்டபோது, ஊர் முன்னால் வந்து சொன்ன முதல் பிள்ளை இது. இது தன் பிள்ளை. முகத்தில் அது தெரிந்துவிடக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“சாவி,” என்றாள்.

ஒடெத் ஏற்கெனவே கயிற்றைத் தலைவழியே கழற்றிக்கொண்டிருந்தாள். பின்னலில் சிக்கியது. லூசியென் போய் எடுத்துவிட்டாள். கயிற்றை அவிழ்த்து மாதா பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்தாள், சாவியை வைத்துக்கொண்டாள். பிறகு தன் சட்டைப்பையிலிருந்து பேருந்துச் சாவிக்கொத்தை எடுத்து, நகத்தால் வளையத்தைப் பிரித்து, அதிலிருந்து அலமாரியின் முதல் சாவியைக் கழற்றினாள். அது கொஞ்சம் நேரம் பிடித்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“நீ எதுக்குடி கழட்டற?” என்றான் ரோமியோ.

“அவ பொய்ச் சத்தம் குடுத்தா. நான் திரும்பிப் பாக்காம அத வாங்கிக்கிட்டேன். ரெண்டு பேரும்தான் ஓடையத் தாண்டினோம்.”

“உனக்கென்ன பைத்தியமா? நவம்பர் பூரா வேட்டை கிடக்கு. உன் வீட்ல வேட்டைக்குப் போறது நீ ஒருத்திதான். உன் புருஷன் ஜெராருக்கு ரத்தத்தப் பாத்தாலே மயக்கம். குளிர்காலத்துக்குக் கறி?”

“இதோ தொங்குது.”

“இது ஒண்ணு போதுமா?”

“போதாது. நீ கொண்டுவந்து குடு, சூப் பானைக்கு ஈடா.”

வாசல் முழுவதும் சிரித்தது. ரோமியோவும் சிரித்தான், பிறகு கையை நீட்டினான். “சரி, குடு. சாவிய நான் வெச்சிருக்கேன்.”

“உன்கிட்டயா? உன் வண்டி சீட்டுக்கு அடியில தோட்டா போட்ட துப்பாக்கி கிடக்குன்னு இந்த ஊருக்கே தெரியும்.” அவள் இரண்டு சாவிகளையும் அஷிலின் உள்ளங்கையில் வைத்தாள், ஒடெத்தின் துப்பாக்கியையும் கடைக்குள் பூட்டி வைக்கச் சொன்னாள். “அடுத்த வருஷம், பிள்ளைங்க நாளன்னைக்குக் காலைல வந்து வாங்கிக்கறோம்.”

அஷில் சாவிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மேல்சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். “படம் எடுக்கவா, வேண்டாமா?” என்று கேட்டார்.

“எடுங்க. மானை அடிச்சது அவதானே?”

ஒடெத் மானின் பக்கத்தில் நின்றாள். சிரிக்கச் சொன்னார்கள். சிரிப்பு வரவில்லை. ஆனால் நேராகப் பார்த்தாள். பெல்த்தியே தன் மகனின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளி நிறுத்தியிருந்தான், அவன் நன்றாகப் பார்க்கட்டும் என்று.

வண்டி வீட்டைப் பார்த்துக் கிளம்பியது. அறுவடை முடிந்த வயல்களில் தவறிய கிழங்குகளைக் காகங்கள் கிளறிக்கொண்டிருந்தன.

“கோவமா?” என்றாள் ஒடெத்.

“ஆமா.”

“எவ்வளவு?”

“வீட்டுக்குப் போறவரைக்கும் இருக்கும்.” லூசியென் வளைவில் வண்டியை மெதுவாகத் திருப்பினாள். “எப்ப சொல்லணும்னு முடிவு பண்ணின?”

“மாமா கதையச் சொல்லுன்னு கேட்டப்பதான். அதுவரைக்கும் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஓடைய விட்டுட்டு மனசுக்குள்ள ஒருதரம் சொல்லிப் பாத்தேன். கதை நல்லாதான் இருந்துச்சு.”

“அப்புறம்?”

“அதான் பயமாயிடுச்சு.”

லூசியென் சாலையைப் பார்த்துக்கொண்டே ஒரு கையை எடுத்து மகளின் நனைந்த முழங்காலைத் தொட்டாள். இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

“அடுத்த வருஷத்துக்கு முன்னாடி தர மாட்டியா? ஒருவேளை நல்லா நடந்துக்கிட்டா?”

“இன்னைக்கே தரலாம். உனக்குத் தகுதி வந்தாச்சு.”

“அப்ப?”

“தர மாட்டேன்.”

ஒடெத் ஜன்னல்பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணாடியில் தெரிந்த அவள் முகம் கொஞ்சம் சிரித்தது.

ஜெரார் காகித மில்லில் இரவு வேலை பார்த்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவன் எழுந்து வந்து, மானைப் பாதி பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு, நடந்ததைக் கேட்டான்.

“ரெண்டு பேரும் நவம்பர் பூரா வீட்லயே இருக்கப்போறீங்களா?” என்றான். “ஆண்டவரே.”

மறுநாள் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை அந்த மாநிலத்தில் யாரும் வேட்டைக்குப் போவதில்லை. மூவரும் காலைப் பூசைக்குப் போனார்கள். கோவில் வாசலில் ஒருத்தி வந்து தன் பையனைப் பற்றிக் கேட்டாள். இரண்டு வாரம் கழித்து வரச்சொன்னாள் லூசியென். மதியம் ஒடெத் மானின் இதயத்தை வெங்காயத்தோடு வதக்கினாள். உப்பு சற்று அதிகம். ரோமியோ வந்து சாப்பிட்டுவிட்டு, உப்பைப் பற்றிப் பேசிவிட்டுப் போனான். லூசியென் பேருந்தைக் கழுவினாள், பின்சக்கரத்தில் காற்று பார்த்தாள். மூன்று மணிக்கு மழை பிடித்தது. மானைக் கொட்டகையின் உட்பக்கம் மாற்றிக் கட்டினார்கள். ஜெரார் கயிற்றைப் பிடித்துக்கொண்டான், கண்ணை மூடிக்கொண்டு.